கண்மூடிய மாப்பிள்ளை

ஜூன் 3, திங்கள்

இன்று பத்திரிகையாளர் ஆனேன். மதியம் வரைக்கும் அது யாருக்கும் தெரியவில்லை. விளம்பரம் கொடுக்க வந்தவள் என்று நினைத்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு தடவை டீ கொடுத்தார்கள். இரண்டையும் குடித்தேன். வேலைக்குச் சேர வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் செய்தி ஆசிரியர் ஆறுமுகநயினார் சார் வந்தார்.

"என்ன விளம்பரம்மா? கண்ணீர் அஞ்சலியா, சடங்கு வீடா?"

வேலைக்கு வரச்சொன்ன கடிதத்தை நீட்டினேன்.

"நீதான் உலகம்மாளா? வாயத் தொறந்து சொல்லப்பிடாதா? உன்ன நம்பி நான் எப்படிம்மா மந்திரிய மடக்கிக் கேள்வி கேக்க?"

பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. ஆறு கேள்விக்கும் பதில் இருந்தால் அது செய்தி. இல்லையென்றால் அது வதந்தி. பிறந்ததிலிருந்து நான் கேட்ட கேள்விகளை எல்லாம் கூட்டினாலும் ஆறு வருமா என்பது சந்தேகம்.

வீட்டுக்கு வந்தால், அம்மா பீடி சுற்றிக்கொண்டே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். எதிர்வீட்டுச் சித்தி கேட்டாள்: "ஏட்டி, உன் படம் பேப்பர்ல எப்ப வரும்?"

எழுதுகிறவர்கள் படம் வராது என்றேன்.

"பெறவு எதுக்குட்டி காலேஜுக்குப் போன?"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதற்கு எனக்கு முன்னால் யாரும் பதில் சொல்லி வைக்கவில்லை.

ஜூன் 5, புதன்

நேற்று என் முதல் செய்தி அச்சில் வந்தது. "குற்றாலம் மெயினருவியில் குளிக்கத் தடை." இன்று இரண்டாவது. "குற்றாலம் மெயினருவியில் தடை நீக்கம்." சாரல் காலம் முடியும்வரை இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதலாம் என்றார் பக்க வடிவமைப்பாளர் ஜெபஸ்டின் அண்ணன். "நாளைக்கு உள்ளத இன்னைக்கே எழுதி வச்சுட்டு வீட்டுக்குப் போயிருட்டி" என்றார்.

அம்மா இரண்டையும் வெட்டி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறாள்.

ஜூன் 10, திங்கள்

கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மக்களைச் சந்தித்து, கேள்வி கேட்டு, செய்தி கொண்டுவர வேண்டும். வேப்பமரத்தடியில் பேனாவும் பேப்பருமாக நின்றேன். யாரை எப்படி ஆரம்பித்துக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் என்னை மனு எழுதிக் கொடுக்கிறவள் என்று நினைத்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எழுதும்மா. கனம் ஆட்சியர் அவர்களுக்கு..."

எழுதினேன். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. மதியம்வரை எழுதினேன். மனுக்கள் நன்றாக வந்தன. செய்தி வரவில்லை.

"ஏம்மா, இத்தன பேரு உங்கிட்ட வந்து கதகதையாச் சொல்லிருக்காவ. அதுல ஒண்ணக்கூடச் செய்தியா எழுதத் தோணலையா?" என்றார் ஆறுமுகநயினார் சார். உண்மையிலேயே தோன்றவில்லை.

ஜூன் 12, புதன்

எனக்கென்று ஒரு துறை கிடைத்துவிட்டது. இறந்தவர் படம்.

விபத்தில் யாராவது இறந்துபோனால் பேர், வயது எல்லாம் காவல் நிலையத்தில் கிடைத்துவிடும். படம் மட்டும் வீட்டில்தான் இருக்கும். அழுகிற வீட்டில் போய்ப் படம் கேட்க வேண்டும். ஆண்கள் போனால் விரட்டுகிறார்களாம். "பொம்பளப் பிள்ளன்னா கொடுப்பாவ" என்று என்னை அனுப்பினார்கள்.

சுரண்டைப் பக்கம் ஒரு வீடு. நான் எதுவும் கேட்கவில்லை. பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு அக்கா, "நீ யாரு பிள்ள?" என்றாள். பேப்பர் என்று முனகினேன். எழுந்துபோய் அவளாகவே படத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

அலுவலகத்தில் ஒரே பாராட்டு. எப்படி வாங்கினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பேசாமல் இருந்து வாங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? சிரித்து வைத்தேன். அதையும் திறமையில் சேர்த்துக்கொண்டார்கள். வேலை நிரந்தரமா இல்லையா என்பதை மாதக் கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார் சார். இப்படியே போனால் வாய் திறக்காமலே நிரந்தரம் ஆகிவிடுவேன் போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

இலஞ்சி போகும் வழியில் ஒரு வீடு. குத்தாலிங்கம், வயது முப்பத்தாறு. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நேற்றுச் சாயங்காலம் பைபாஸில் எதிரே வந்த லாரி மோதிவிட்டது. மனைவி பேர் செண்பகவடிவு. ஒரு பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு.

நான் போனபோது இன்னும் உடம்பு வரவில்லை. வழக்கம்போல உட்கார்ந்தேன். ஒரு கிழவி கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, மறுபடியும் அழப் போய்விட்டாள். முதல் பக்கத்திலேயே மண்டப வாசலில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலையோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கண்ணை மூடியிருக்கிறார். ஒருவர் நல்ல லட்சணமாக, கேமராவை நேரே பார்த்துச் சிரிக்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டப்போனபோது வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள்.

செல்போனில் படம் எடுத்து, மாப்பிள்ளையை மட்டும் வெட்டி, அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்த நேரத்தில் யாரிடம் போய் என்ன கேட்பது?

ஜூன் 16, ஞாயிறு

படம் தெளிவாக வந்திருக்கிறது. "உன் படம்தான் இன்னைக்குப் பக்கத்துலயே நல்ல படம்" என்று ஜெபஸ்டின் அண்ணன் போன் செய்து சொன்னார். அம்மா அதையும் ஒட்டப்போனாள். சாவுச் செய்தியைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டக்கூடாது என்று தடுத்தேன்.

ஜூன் 17, திங்கள்

இறந்தவர் இன்று அலுவலகத்துக்கு வந்தார்.

ஜூன் 17, திங்கள், இரவு

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன். ஆறு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் செய்தியாம். ஆகவே மீதி.

வந்தவர் பேர் கோமதிநாயகம். கடையநல்லூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். செண்பகவடிவு அக்காவின் தம்பி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளைக்குப் போடும்போது அவனுக்கும் ஒரு மாலை போட்டு, கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிப்போகச் சொல்வார்கள். நான் போன கல்யாணத்தில் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கையில் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "எவன்ல என்னயக் கொன்னது?" என்று கேட்டபடி உள்ளே வந்தார்.

ஆறுமுகநயினார் சார் எழுந்தே நின்றுவிட்டார். பேப்பரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் பேப்பரைப் பார்த்தார்.

"நேத்து விடிஞ்சதுல இருந்து போன் மேல போன். எடுத்து அலோன்னா, 'கோமதிய எப்ப எடுக்காவ?'ன்னு எங்கிட்டயே கேக்கான். நான் என்ன சொல்லட்டும், நாலு மணிக்குன்னா? அக்கா புருசனத் தூக்கிப்போட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், எனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்க வீட்டுல இருந்து மாலையோட வந்து எறங்குதாவ. என்னயப் பாத்ததும் அந்தப் பொண்ணோட அம்மா மயங்கி விழுந்துட்டாவ!"

"தம்பி, உக்காருங்க. தண்ணி குடிங்க."

"செத்தவனுக்கு எதுக்குத் தண்ணி? வக்கீல் நோட்டீஸ் விடுதேன், பாத்துக்கிடுங்க."

"ஏல ஜெபஸ்டின்!" என்று சார் உள்ளே பார்த்துக் கத்தினார்.

ஜெபஸ்டின் அண்ணன் ஏற்கெனவே ஒரு தடவை, காணாமல் போன பசுவின் படம் இருக்க வேண்டிய இடத்தில் கவுன்சிலர் வேட்பாளர் படத்தை வைத்தவர். அதனால் படம் மாறினாலே அவர்தான் என்பது அலுவலகத்தில் முடிந்த முடிவு. அவரே தலையைச் சொறிந்துகொண்டு, "நாந்தான் மாத்திட்டேனோ என்னமோ" என்றார்.

நான் என் நாற்காலியில் இருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஜெபஸ்டின் அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்குத் தலைவலி. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் பத்திரிகையில் வருத்தம் தெரிவிக்கும் வழக்கம் கிடையாதாம். ஆனால் வக்கீல் நோட்டீஸ் என்றதும் வழக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டம் கட்டிப் போடப்போகிறார்கள்: "கோமதிநாயகம் நலமுடன் உள்ளார்." கூடவே அவர் படம். அவரே அனுப்பிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு பெரிய பைக்கில் சாய்ந்து நிற்கிறார்.

ஜூன் 19, புதன்

வேறு வேலையாகப் போனபோது இலஞ்சி வழியாகப் போகவேண்டி வந்தது. (வேலை சுரண்டையில். இலஞ்சி அந்த வழியில் இல்லை என்று சொல்கிறவர்கள் சொல்லலாம்.)

செண்பகவடிவு அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. உட்காரச் சொன்னாள்.

"எங்க தம்பி நூறு வயசு நல்லா இருக்கட்டும். அவன் படத்தப் போட்டதுல எனக்கு ஒண்ணுமில்ல தாயி. ஆனா அவிய படம் வரவேயில்லையே."

பேனாவைப் பைக்குள் வைத்தேன்.

"அவிய என்ன, தலைவரா? தெனமுமா படம் போடப் போறாவ? பேப்பர்ல வந்தது ஒரே நாளு. அன்னைக்கும் அவிய இல்ல. எம்பிள்ள பேப்பர எடுத்து டீச்சர்ட்ட காட்டணும்னு வச்சிருந்துச்சு. பிரிச்சுப் பாத்துட்டு, 'இது மாமால்லா?'ன்னு கேட்டுச்சு. பெறவு அதத் தொடவே மாட்டேங்கு."

அந்தக் குழந்தை அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக, வேலை விஷயமாக, ஒருவரிடம் கேள்வி கேட்டேன்.

"வேற படம் இருக்காக்கா?"

ஆல்பத்தையும் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். தாலி கட்டும்போது கண்ணை மூடியிருக்கிறார். பால் பழம் சாப்பிடும்போது கண்ணை மூடியிருக்கிறார். குழந்தைக்குக் காது குத்தும்போது மூடியிருக்கிறார், குழந்தை திறந்திருக்கிறது.

"பிளாஷ் அடிச்சா போதும், மூடிருவாவ. ஆதார்ல பாதிக் கண்ணு. ரேஷன் கடைல கேலி பண்ணுவாவ, 'ஏன் அண்ணாச்சி, தூக்கத்துல எடுத்ததா?'ன்னு."

வடிவு அக்கா சிரிக்கப்போய் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இருபத்தொம்பதாந்தேதி பதினாறாம் நாள் விசேசம் வருது. அதுக்குள்ள அவிய படம் ஒண்ணு வந்துச்சுன்னா..." என்றாள்.

வீட்டில் அம்மா, "என்னட்டி, சாப்பிடலியா?" என்றாள். ஜெபஸ்டின் அண்ணன் இரண்டு நாளாக மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை என்பது ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

ஜூன் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

எப்படி என்றால், காலையில் சார் அறை வாசலில் நின்றேன். "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தேன். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அவரே கத்தினார்: "ஒண்ணு உள்ள வா, இல்ல கதவச் சாத்திட்டுப் போ!"

உள்ளே போனேன். "படத்த வெட்டுனது நான் சார். அண்ணன் இல்ல."

"யார் மாப்பிள்ளன்னு அங்க ஒருத்தர்ட்டயும் கேக்கலையா?"

"இல்ல சார்."

"பெறவு எத வச்சும்மா வெட்டுன?"

"கண்ணு தொறந்திருந்தத வச்சு."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "மூணு நாளா வாயில என்ன வச்சிருந்த?"

நிற்கிற தைரியத்தில் இன்னொன்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் குத்தாலிங்கம் படம்தான் வரவேண்டும். கோமதிநாயகம் படம் ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது.

"எடம் ஒரு படத்துக்குத்தான் இருக்கு. உசிரோட இருக்கவன் வக்கீல் நோட்டீஸ் விடுவான். செத்தவன் விடுவானா? அதுலயும் கண்ண மூடுன படம்! பொணத்தோட படத்தப் போட்டுட்டோம்னு ஊரே காறித் துப்பும். முதல்ல உன் வேலை மாசக் கடைசில இருக்குமான்னு பாரு. போ."

வெளியே ஜெபஸ்டின் அண்ணன் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

"அடிப்பாவி. நாந்தான் பண்ணுனேன்னு நெனச்சு ராத்திரி எந்திச்சு எந்திச்சு கம்ப்யூட்டர்ல தேடிட்டு இருந்தேன். எனக்கே என் மேல நம்பிக்க போயிட்டுட்டி."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னோடு பேசாமல் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் அவராகவே கூப்பிட்டார். "கண்ணு மூடுனதுதான பிரச்சினை? எங்கிட்ட விதவிதமா கண்ணு இருக்கு. எடுத்து வச்சிருதேன். ஒருத்தருக்கும் தெரியாது."

ஜூன் 21, வெள்ளி

காலையில் வடிவு அக்காவுக்குப் போன் செய்து, கண்ணைத் திறந்த மாதிரி வரைந்து போடலாமா என்று கேட்டேன்.

"ஆரு கண்ணு அது?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"வேண்டாம் தாயி. மூடுனாலும் அது அவிய கண்ணுல்லா."

ஜெபஸ்டின் அண்ணனிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, திறந்து வைத்திருந்ததை அழித்துவிட்டார்.

மதியம் கடையநல்லூருக்குப் போனேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கடை வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. கோமதிநாயகம் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். படத்தை வெட்டியவள் நான்தான் என்றும் சொன்னேன்.

"வாங்க, என்னயக் கொன்னவுகளே. என்ன, கருமாதிக்கும் படம் எடுக்க வந்தீயளா?"

"உங்க படம் ஞாயித்துக்கிழம வருது."

"ஆமா, அனுப்பிருக்கேன்லா. கலர்ல போடணும்."

"அதுக்குப் பதிலா... அத்தான் படத்தப் போடலாமா?"

கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி விழுந்துவிட்டது. பிய்த்தெடுத்துத் தூரப் போட்டார்.

"நல்லாருக்கே. எம்படம் வரலேன்னா நான் உசிரோட இருக்கேன்னு பொண்ணு வீட்டுல எப்படி நம்புவான்?"

"நீங்க நேர்ல போய் நின்னா நம்ப மாட்டாங்களா?"

என்னை முறைத்தார். நான் கீழே பார்க்கவில்லை. பயத்தில் கழுத்து அசையவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அவர் அதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அக்கா கேக்கச் சொன்னாளா?"

"இல்ல. அவங்க அத்தான் படம் வரலையேன்னு மட்டும்தான் சொன்னாங்க. உங்க மேல ஒரு வார்த்த சொல்லல."

அவர் கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் போட்டோ எடுக்கையில கேமராக்காரன் திருப்பித் திருப்பி எடுத்தான். அத்தான் திருப்பித் திருப்பி மூடுனாவ. நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டு, 'முழிங்க அத்தான், முழிங்க அத்தான்'னு சொல்லிட்டே நிக்கேன். அந்தச் சிரிப்புதான் என் மூஞ்சில இருக்கது." முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தார். "போன வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரில வச்சும் அதத்தான் சொன்னேன்."

பிறகு கடை ரசீது ஒன்றைத் திருப்பிப்போட்டு, என் படம் வேண்டாம், அத்தான் படம் போடவும், நோட்டீஸ் விடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஜூன் 22, சனி

ஆறுமுகநயினார் சார் ரசீதின் இரண்டு பக்கத்தையும் படித்தார். "இத நீ கேட்டு வாங்குனியா? நீயா?"

"ஆமா சார்."

"கண்ணு மூடுன படம்..." என்று இழுத்தார். பிறகு ஜெபஸ்டின் அண்ணனின் மெமோவைக் கிழித்தார். படத்துக்கு இடம் ஒதுக்கினார். அதே மூச்சில் என் கதையையும் முடித்தார்: மாதக் கடைசியில் நிரந்தரம் கிடையாது, இன்னும் ஆறு மாதம் பயிற்சி. "கேள்வி கேக்கப் படிச்சிட்ட. இனி நேரத்தோட கேக்கப் படி."

அம்மாவிடம் சொன்னேன். அவள் தெருவில் போய், மகளுக்குப் பயிற்சியை நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று, ஏதோ விருது கிடைத்த மாதிரிச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூன் 23, ஞாயிறு

வந்துவிட்டது. நான்காம் பக்கம், கீழே, இடதுபுறம். "விபத்தில் உயிரிழந்த குத்தாலிங்கத்தின் படத்துக்குப் பதிலாக அவர் மைத்துனர் கோமதிநாயகத்தின் படம் தவறுதலாக வெளியாகிவிட்டது. கோமதிநாயகம் நலமுடன் உள்ளார். குத்தாலிங்கத்தின் படம் இது. வருந்துகிறோம்." நான் எழுதியது. கழுத்தில் மாலையோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறார்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இரண்டு பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், "தவறுதலா இதையும் மாத்திட்டானுவளோ?" என்றார். நான் பேப்பரை வாங்கிக்கொண்டு இலஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.

வடிவு அக்கா தரையில் பேப்பரை விரித்து, இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சரியா இருக்காக்கா? இவங்கதானே?" என்று கேட்டேன்.

"இவியதான்" என்றாள்.

அடுக்களையிலிருந்து அந்தக் குழந்தை வந்து அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை இழுத்துக்கொண்டு வந்து, பேப்பரை எடுத்து நாலாக மடிக்கப் போனது.

"ஏட்டி, பாத்து" என்றாள் வடிவு அக்கா. "மூஞ்சி மேல மடிப்பு விழுந்துராம."